மேசைக் கணினியில் வைஃபை தகராறா? கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

அதே அறையில் கைப்பேசியில் காணொளி தங்குதடையில்லாமல் ஓடும். மேசைக் கணினியிலோ ஒரு பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும், அல்லது வைஃபை அடையாளமே காணாமல் போயிருக்கும். இந்த நிலையில் பெரும்பாலோர் செய்வது, ரவுட்டரை அணைத்துப் போடுவது, டிரைவரை (கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) அழித்து மறுபடி நிறுவுவது, கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போடுவது. இதில் ஏதோ ஒன்று சில சமயம் பலிக்கும். எது பலித்தது, ஏன் பலித்தது என்று தெரியாததால் அதே தொல்லை அடுத்த வாரம் திரும்ப வரும்.

இணையம் உங்கள் திரைக்கு வந்து சேர நான்கு கட்டங்களைத் தாண்டுகிறது. வெளியிலிருந்து மோடம் வரை ஒன்று, மோடத்திலிருந்து ரவுட்டர் வரை ஒன்று, ரவுட்டரிலிருந்து காற்று வழியாகக் கணினியின் ஆன்டெனா வரை ஒன்று, ஆன்டெனாவிலிருந்து விண்டோஸுக்குள் ஒன்று. எந்தக் கட்டத்தில் அறுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எந்த அமைப்பிலும் கை வைக்காதீர்கள். கீழே உள்ளவை விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் மூன்று சோதனைகள்

முதல் சோதனைக்குக் கைப்பேசி போதும். அதில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வீட்டு வைஃபையில் மட்டும் இணையுங்கள். இந்தச் சோதனையை நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்தால் பயனில்லை. கணினிப் பெட்டியின் பின்பக்கம், ஆன்டெனா இருக்கும் இடத்துக்கே கைப்பேசியைக் கொண்டுபோய், அங்கிருந்து ஒரு காணொளியை ஓட்டிப் பாருங்கள். மேசைக்கு மேலே நான்கு கோடு காட்டும் சிக்னல், மேசைக்கு அடியில் சுவருக்கும் உலோகப் பெட்டிக்கும் நடுவே இரண்டு கோடாக இறங்குவது சாதாரணம். கைப்பேசியும் அங்கே திணறினால் கோளாறு கணினியில் இல்லை. இடத்தில் இருக்கிறது, அல்லது இணைய இணைப்பிலேயே இருக்கிறது.

இரண்டாவது, கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, கணினியை அதனுடன் வைஃபையில் இணையுங்கள். நன்றாக ஓடினால் கணினியின் அடாப்டரும் (வைஃபையைப் பிடிக்கும் கருவி) டிரைவரும் நலம். சிக்கல் ரவுட்டரின் அமைப்பிலோ தூரத்திலோ இருக்கிறது. ஹாட்ஸ்பாட்டிலும் தடுமாறினால் கணினிப் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நெட்வொர்க் கேபிள் ஒன்று கையில் இருந்தால் ரவுட்டரையும் கணினியையும் நேரடியாக இணைத்துப் பாருங்கள். கேபிளிலும் இணையம் வரவில்லை என்றால் வைஃபையைப் பற்றிக் கவலைப்படும் நேரம் இன்னும் வரவில்லை.

இந்த மூன்றுக்கும் பத்து நிமிடம் ஆகும். மற்ற எதையும்விட இந்தப் பத்து நிமிடம் முக்கியம்.

மோடமும் ரவுட்டரும்

எல்லாக் கருவிகளிலும் இணையம் இல்லையென்றால் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் 'பான்' (PON) என்ற விளக்கு நிலையாக எரிய வேண்டும். 'லாஸ்' (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ கண் சிமிட்டினாலோ ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். ஃபைபர் மடங்கியிருக்கிறதா, இணைப்பு முனை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபரின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் போகும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். ஃபைபரும் முனையும் சரியாக இருந்தும் விளக்கு மாறவில்லையென்றால் சேவை நிறுவனத்தை அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மறுதொடக்கம் செய்வதிலும் வரிசை உண்டு. மோடம், ரவுட்டர் இரண்டின் மின் இணைப்பையும் பிடுங்கி 30 விநாடி காத்திருங்கள். மோடத்தை முதலில் போட்டு, விளக்குகள் நிலைக்கும்வரை இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். பிறகு ரவுட்டர், கடைசியில் கணினி. கணினியில் 'ஷட் டவுன்' கொடுத்து மறுபடி போடாமல் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும்போது ஷட் டவுன் என்பது முழு அணைப்பு அல்ல. டிரைவர்களின் நிலையைச் சேமித்து வைத்து மறுநாள் அப்படியே எழுப்பும், கோளாறோடு சேர்த்து.

கணினியில் வைஃபையே தெரியவில்லை என்றால்

செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியைத் திறந்தால் வைஃபை என்ற வரியே இல்லை. அப்படியானால் விண்டோஸுக்கு அடாப்டர் தெரியவில்லை. விண்டோஸ் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்தி 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' கிளையை விரியுங்கள். அடாப்டரின் அடையாளத்தில் கீழ்நோக்கிய அம்பு இருந்தால் அது முடக்கப்பட்டிருக்கிறது. வலது கிளிக் செய்து 'எனேபிள்' கொடுத்தால் தீர்ந்தது. மஞ்சள் முக்கோணம் இருந்தால் இரட்டைக் கிளிக் செய்து, அங்கே காட்டும் கோட் எண்ணைப் படியுங்கள். கோட் 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. கோட் 10 என்றால் கருவி தொடங்க மறுக்கிறது. கோட் 43 என்றால் கருவியே பிழை சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது.

கோட் 10, கோட் 43 இரண்டுக்கும் டிரைவரைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை செய்து பாருங்கள். கணினியை அணைத்து, மின் கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு கம்பியைச் செருகிப் போடுங்கள். அணைத்த பிறகும் மதர்போர்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். வைஃபை கார்டு சிக்கிய நிலையிலேயே தங்கிவிட அதுவே காரணமாகலாம். அந்த மின்சாரம் முழுக்க வடிந்தால் கார்டு புதிதாகத் தொடங்கும். எளிய வேலை, பலமுறை பலிக்கும் வேலை.

பட்டியலில் அடாப்டர் பெயரே இல்லையா? யூஎஸ்பி டாங்கிள் (துளையில் செருகும் சிறு அடாப்டர்) என்றால் வேறு துளையில் செருகுங்கள். சில டாங்கிள்கள் முதல்முறை செருகும்போது சிறிய சிடி டிரைவ் போலத் தோன்றும். அதற்குள்தான் டிரைவர் இருக்கும், 'திஸ் பிசி' திறந்து நிறுவுங்கள். உள்ளே பொருத்தும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு என்றால் மின்சாரத்தைத் துண்டித்து, உங்கள் கையைப் பெட்டியின் உலோகத்தில் ஒருமுறை தொட்டு நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, கார்டைக் கழற்றித் திரும்ப அழுத்திப் பொருத்துங்கள். அதே மாதிரிக் கார்டில் ப்ளூடூத் மட்டும் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் கார்டிலிருந்து மதர்போர்டின் யூஎஸ்பி ஊசிகளுக்குப் போக வேண்டிய சிறு கம்பி செருகப்பட்டிருக்காது. வைஃபை வேலை செய்வதற்கு அந்தக் கம்பி தேவையில்லை என்பதால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

அடாப்டர் தெரிகிறது, ஆனால் எந்த நெட்வொர்க்கும் பட்டியலில் வரவில்லை என்றால் ஏர்பிளேன் மோடைப் பாருங்கள். அடுத்து 'சர்வீசஸ்' திறந்து 'டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்' (WLAN AutoConfig) என்ற சேவை ஓடுகிறதா, தொடக்க வகை 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். கணினியை வேகப்படுத்துவதாகச் சொல்லும் மென்பொருள்கள் இதை நிறுத்திவைப்பது உண்டு.

இணையமே இல்லாமல் டிரைவர் இறக்குவது எப்படி

இதற்கு நல்ல வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கேபிளால் கணினியுடன் இணைத்து, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதைப் போடுங்கள். கணினி அதைக் கேபிள் இணைப்பு போல எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் தனி டிரைவர் கேட்காது.

மதர்போர்டிலேயே வைஃபை இருந்தால் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைத் தேடி இறக்குங்கள். தனிக் கார்டு, டாங்கிள் என்றால் அதன் நிறுவனத் தளம். டிரைவர் தேடித் தரும் இலவச மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள். தேவையில்லாததையெல்லாம் சேர்த்து நிறுவும். விண்டோஸ் அப்டேட் வந்த மறுநாளே தொல்லை தொடங்கியது என்றால் புதிய டிரைவர் தேடாமல் பழையதற்குத் திரும்புங்கள். அடாப்டரின் 'ப்ராப்பர்ட்டீஸ்', 'டிரைவர்' தாவலில் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கும்.

மேசைக் கணினிக்கே உரிய நோய்: ஆன்டெனா

மடிக்கணினியில் ஆன்டெனா திரையின் ஓரத்தில், திறந்த வெளியில் இருக்கும். மேசைக் கணினியில் அது உலோகப் பெட்டியின் முதுகில், தரைக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. சிக்னல் குறைவு, அடிக்கடி துண்டிப்பு, வேகமின்மை என்று வரும் புகார்களில் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும்.

மதர்போர்டின் பின்பக்கத்தில் பொன்னிறத் திருகு முனைகள் இரண்டு இருக்கின்றனவா? அவற்றில் ஆன்டெனா இருக்கிறதா? மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியிலேயே ஆன்டெனா பையோடு கிடப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஆன்டெனா இல்லாமலும் வைஃபை பட்டியல் காட்டும், ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் இணையவும் செய்யும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அடுத்த அறைக்குப் போனால் அறுந்துவிடும். ஆன்டெனாவை விரலால் இறுக்கினால் போதும், குறடு வேண்டாம். இரண்டையும் இறுக்குங்கள். ஒன்று தளர்ந்திருந்தாலும் இணைப்பு இருக்கும், ஆனால் வேகம் சரியும்.

கம்பியோடு வரும் ஆன்டெனா என்றால் மேசைக்கு மேலே கொண்டுவந்து, உலோகத்தை ஒட்டாமல் வையுங்கள். கார்டிலேயே குச்சி போல நிற்கும் ஆன்டெனா என்றால் ஒரு மீட்டர் நீளக் கம்பி உள்ள ஆன்டெனா அடித்தளம் வாங்கி மாற்றலாம். திருகு வகை ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டாங்கிள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. யூஎஸ்பி 3.0 துளைகளும் கேபிள்களும் இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்கும். இன்டெல் நிறுவனமே இதை அளந்து 2012இல் அறிக்கை வெளியிட்டது. வெளி ஹார்டு டிஸ்க்கில் கோப்பு நகலெடுக்கும்போது மட்டும் வைஃபை தடுமாறுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் ஒன்றைப் போட்டு டாங்கிளை மேசைமேல் வையுங்கள். இரைச்சலிலிருந்தும் தப்பும், உலோகப் பெட்டியின் மறைவிலிருந்தும் வெளியே வரும். புதிய அடாப்டர் வாங்க நினைப்பவர்கள் அதற்கு முன் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இணைகிறது, ஆனால் இணையம் இல்லை

வைஃபை இணைந்திருக்கிறது, 'நோ இன்டர்நெட்' என்று காட்டுகிறது. கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். வைஃபை பகுதியில் 'ஐபிவி4 அட்ரஸ்', 'டீஃபால்ட் கேட்வே' என இரு வரிகள் வரும். முதலாவது உங்கள் கணினியின் முகவரி, இரண்டாவது ரவுட்டரின் முகவரி.

முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் உங்கள் கணினிக்கு முகவரி தரவில்லை. பதில் வராததால் விண்டோஸ் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த முகவரியோடு வெளியே போக முடியாது. ரவுட்டரை மறுதொடக்கம் செய்யுங்கள், விண்டோஸில் அந்த நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டுக் கடவுச்சொல்லோடு புதிதாக இணையுங்கள். முகவரி 192.168 என்று தொடங்கியும் கேட்வே வரி காலியாக இருந்தாலோ, கைப்பேசியில் காட்டும் கேட்வேயோடு ஒத்துப்போகாவிட்டாலோ, யாரோ எப்போதோ கையால் போட்ட முகவரி மிச்சமிருக்கிறது. நெட்வொர்க்கின் ப்ராப்பர்ட்டீஸில் 'ஐபி அசைன்மென்ட்' என்பதை 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள்.

முகவரி சரியாக இருந்தால் அடுத்தது பிங் (ping) கட்டளை; மறுமுனையிலிருந்து பதில் வருகிறதா என்று அது சோதிக்கும். மூன்று படியாகச் செய்யுங்கள்.

1. பிங் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கேட்வே எண்ணைக் கொடுங்கள்; பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. பதில் வரவில்லை என்றால் காற்று வழியில்தான் சிக்கல்.
2. அடுத்து 8.8.8.8 என்ற முகவரிக்கு. கேட்வே பதில் தந்து இது தரவில்லை என்றால் மோடம் அல்லது சேவை நிறுவனப் பக்கம்.
3. அடுத்து ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு. தளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை அது. வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

முதல் படியில் வரும் நேரத்தையும் கவனியுங்கள். நல்ல வைஃபையில் கேட்வேயின் பதில் சில மில்லி விநாடிகளில் வரும். 2, 3, 180, 4, 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்', 95 என்று தாறுமாறாக வந்தால், வெளி இணையத்தைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் வீட்டுக்குள்ளேயே அலை அடிபடுகிறது.

மூன்று பிங்கும் சரி, உலாவி மட்டும் எந்தப் பக்கத்தையும் திறக்காது. அப்போது செட்டிங்ஸில் 'ப்ராக்ஸி' பகுதியைப் பாருங்கள். கையால் போட்ட ப்ராக்ஸி (இணையத்துக்கு நடுவே நிற்கும் இடைக் கணினி) இயங்கிக்கொண்டிருந்தால் அணையுங்கள். விபிஎன் மென்பொருள் இருந்தால் அதை முழுவதும் மூடிப் பாருங்கள். பிறகு கணினியின் கடிகாரம்! பழைய மேசைக் கணினியில் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணயப் பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை என்று உலாவி கருதி எல்லாத் தளங்களையும் தடுக்கும். வைஃபையை எவ்வளவு நோண்டினாலும் இது தீராது; பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் அந்த நிமிடமே தீரும்.

கடவுச்சொல் சரி, ஆனால் 'இணைக்க முடியவில்லை' என்கிறது

ரவுட்டரின் பாதுகாப்பு 'டபிள்யூபிஏ3' மட்டும் என்று வைக்கப்பட்டிருந்தால் பழைய அடாப்டர்களால் இணைய முடியாது. 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3' கலப்பு நிலைக்கு மாற்றுங்கள். அங்கேயே 'டிகேஐபி' என்ற குறியாக்கம் தேர்வாகியிருந்தால் 'ஏஇஎஸ்' ஆக்குங்கள். டிகேஐபி பாதுகாப்பில் பலவீனமானது. அதோடு வைஃபை 4 முதலான புதிய வேகங்களை அது அனுமதிக்காது, இணைப்பு 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது.

ரவுட்டரின் பெயர் கைப்பேசியில் தெரிகிறது, கணினியில் தெரியவில்லை என்றால் சேனல் (அலைவரிசைக்குள் உள்ள பிரிவு) எண்ணைப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 12, 13 ஆகிய சேனல்களைச் சில அடாப்டர்கள் எட்டிப்பார்க்காது. 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்பவை. மலிவான அடாப்டர்கள் பல இவற்றை ஆதரிப்பதில்லை. 36 முதல் 48 வரை ஏதாவது ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள். வைஃபை 6இ ரவுட்டரின் 6 கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரிய, அதற்கேற்ற அடாப்டரோடு விண்டோஸ் 11உம் வேண்டும்.

மெதுவாக இருக்கிறது, விட்டுவிட்டு வருகிறது

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் வழியே வைஃபைக்குள் போய், உங்கள் நெட்வொர்க்கின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் அலைவரிசை, சேனல், இணைப்பு வேகம் எல்லாம் அடியில் இருக்கும். 'லிங்க் ஸ்பீட்' எண் நிறையச் சொல்லும். 72 என்று காட்டினால் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒற்றை ஆன்டெனா இணைப்பு. 433 என்றால் 5 கிகாஹெர்ட்ஸில் வைஃபை 5, ஒற்றை ஆன்டெனா. 866 என்றால் அதிலேயே இரட்டை ஆன்டெனா. கைக்கு வந்து சேரும் வேகம் இதில் ஏறக்குறைய பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். அது கோளாறு அல்ல, வைஃபையின் இயல்பு. இரட்டை ஆன்டெனா கார்டு பாதி எண்ணைக் காட்டினால் மேலே சொன்ன ஆன்டெனாத் திருகை மறுபடி பாருங்கள்.

ரவுட்டர் ஒரே பெயரில் இரண்டு அலைவரிசையும் தந்தால், கணினி சில சமயம் 2.4இலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிடுங்கள். மேசைக் கணினி இடம் மாறாதது. அதற்கு எது நன்றாக வருகிறதோ அதை நிலையாகக் கொடுத்துவிடலாம். ஒரே அறை அல்லது ஒரு சுவர் தள்ளி என்றால் 5 கிகாஹெர்ட்ஸ். கான்கிரீட் சுவர் இரண்டு மூன்று குறுக்கே வந்தால் 2.4 மெதுவானாலும் நிலைத்து நிற்கும்.

2.4இல் சேனல் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும் வையுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். இந்த மூன்றுதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. 3, 4 என்று வைத்தால் இரண்டு பக்கத்து இரைச்சலும் சேர்ந்து வரும். கைப்பேசியில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டு, அக்கம்பக்கத்தில் எந்த எண் குறைவாக இருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள். அதே செயலி சிக்னலை டிபிஎம் அளவில் காட்டும்: மைனஸ் 50க்கு மேல் என்றால் அருமை, மைனஸ் 67 வரை எல்லா வேலைக்கும் போதும், மைனஸ் 75ஐத் தாண்டி இறங்கினால் துண்டிப்புக்கு வாய்ப்பு அதிகம். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும் நேரத்தில் மட்டும் வேகம் விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், அதுவும் 2.4 பக்கத்தில்தான் இயங்குகிறது.

கணினி சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு எழும்பும்போது மட்டும் வைஃபை போகிறது என்றால், அது மின்சாரம் மிச்சப்படுத்தும் அமைப்பின் வேலை. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் 'பவர் மேனேஜ்மென்ட்' தாவலில் முதல் தேர்வின் டிக் குறியை நீக்கிவிடுங்கள். சில கணினிகளில் இந்தத் தாவல் இருக்காது. டாங்கிள் என்றால் பவர் பிளானின் கூடுதல் அமைப்புகளில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதையும் முடக்குங்கள். எப்போதும் மின்சாரத்திலேயே இருக்கும் மேசைக் கணினிக்கு இந்தச் சேமிப்பால் பெரிய லாபம் இல்லை.

கேபிளில் சோதித்தபோதும் வேகம் சரியாக 95 எம்பிபிஎஸ் அருகே நின்றுவிடுகிறதா? உங்கள் இணைப்பு அதைவிடப் பெரியது என்றால், மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள கேபிளை மாற்றுங்கள். உள்ளே நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100க்கு இறங்கிவிடலாம். கேபிள் மாற்றியும் அதே எண் என்றால் ரவுட்டரின் துளைகளே 100 அளவுள்ளவையாக இருக்கலாம்.

கடைசி ஆயுதம்

இவ்வளவுக்குப் பிறகும், ஹாட்ஸ்பாட்டிலும் கணினி தடுமாறினால் 'நெட்வொர்க் ரீசெட்' செய்யுங்கள். விண்டோஸ் 11இல் 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்' உள்ளேயும், 10இல் 'ஸ்டேட்டஸ்' பக்கத்தின் அடியிலும் இருக்கும். சேமித்த வைஃபை கடவுச்சொற்களும் விபிஎன் அமைப்புகளும் அழிந்துவிடும், முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடாப்டர்கள் எல்லாம் நீக்கப்பட்டு, கணினி தானே மறுதொடக்கமாகி, புதிதாக நிறுவப்படும்.

ரீசெட்டும் பலிக்காவிட்டால், டாங்கிளையோ கார்டையோ வேறொரு கணினியில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே தொல்லை என்றால் அடாப்டர் செத்துவிட்டது, மாற்றுங்கள். அங்கே நன்றாக ஓடினால் உங்கள் கணினியின் துளையோ விண்டோஸ் நிறுவலோ கெட்டிருக்கிறது. விண்டோஸைப் புதிதாகப் போடும் யோசனைக்கு நியாயம் வருவது இந்த இடத்தில்தான்.